எச்.டி. சேனலும் நம் வீட்டுக் கணக்கும்



தொழுகை, நோன்பு, குடும்பவியல் என்று எழுதிவரும் நாம், இம்முறை டிஷ் ஆண்டெனாவைப் பற்றியும் எச்.டி. சேனலைப் பற்றியும் எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கொடுக்கல் வாங்கலும் மார்க்கத்தின் ஒரு பகுதிதான். மாதந்தோறும் நம் வீடுகளிலிருந்து வெளியேறும் ஒரு தொகையையும், அதற்குப் பகரமாக நம் வீடுகளுக்குள் நுழையும் ஒரு பொருளையும் பற்றி நாம் ஏறத்தாழ எதுவுமே கேட்பதில்லை. நமக்கே நேர்ந்த ஒரு படிப்பினையைச் சொல்லிவிட்டு விஷயத்திற்கு வருகிறோம்.

2022 நவம்பர் 20 அன்று கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. கீழுடல் வளர்ச்சி குன்றிய நிலையில் பிறந்த கானிம் அல்முஃப்தாஹ் என்ற இளைஞர், அல்கோர் நகரின் அல்பைத் மைதானத்தில் அந்தத் தொடக்க விழாவின்போது ஸூரத்துல் ஹுஜுராத்தின் வசனத்தை ஓதினார். மனிதகுலம் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்தே தோன்றியது என்றும், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே பல சமூகங்களாக ஆக்கப்பட்டது என்றும் உணர்த்தும் வசனம் அது. மதரஸா மாணவர்கள் மறுநாள் முழுவதும் அதைப் பற்றியே பேசினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளோ, "அத்தா, எச்.டி.யில பார்த்தா அந்த மைதானத்துலயே உட்கார்ந்திருக்குற மாதிரி இருக்கும்" என்று கேட்டார்கள். நமக்கும் அதில் விருப்பம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வெள்ளகோவில் கடைவீதியில் ரீசார்ஜ் செய்துதரும் தம்பியிடம் சென்று, போட்டிகள் ஒளிபரப்பாகும் அந்த ஒரு சேனலை மட்டும் எச்.டி.யில் திறந்துவிடுமாறு கேட்டோம். "பேக்கா போட்டுட்டா எல்லாமே வந்துருமுங்க ஹஜ்ரத்" என்றார். "சரி தம்பி, போடுங்க" என்றோம். எத்தனை சேனல், மாதம் எவ்வளவு, எப்போது நிற்கும் ஆகிய மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட நாம் கேட்கவில்லை. டிசம்பர் 18-இல் இறுதிப் போட்டி முடிந்தது. பிள்ளைகளின் ஆர்வமும் அத்துடன் முடிந்தது. பேக் மட்டும் முடியவில்லை.

2024-ஆம் ஆண்டு ரமளானுக்கு முன்பு வீட்டுச் செலவுகளைக் கணக்குப் பார்க்க அமர்ந்தபோதுதான், செட்டாப் பாக்ஸில் நம் கணக்கு விவரம் காட்டும் பக்கத்தை முதன்முதலாகத் திறந்து பார்த்தோம். அடிப்படை விலை 90 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 106 ரூபாய் 20 காசு, பதினான்கு மாதங்களாகக் கழிந்துகொண்டே வந்திருந்தது. ஏறத்தாழ 1,500 ரூபாய்! அதைவிட வேதனை இன்னொன்று: பழைய சாதாரண பேக்கும் அப்படியே இருந்தது. சில சேனல்களுக்கு சாதாரணப் படத்திற்கு ஒரு விலையும் எச்.டி. படத்திற்கு ஒரு விலையுமாக, ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு விலை கொடுத்திருக்கிறோம். இவை போதாதென்று, பெட்டியிலிருந்து டி.வி.க்குச் செல்வது எச்.டி.எம்.ஐ. கேபிள் அல்ல, பழைய சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர். அந்த மூன்று நிற வயர் எச்.டி. படத்தைக் கொண்டுசெல்லாது. ஆக, பதினான்கு மாதங்களாக எச்.டி.க்குக் காசு கொடுத்து நாம் பார்த்தது பழைய படத்தைத்தான்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துச் சொன்னதும் மறுநாளே பேக்கை எடுத்துவிட்டார்கள். போன தொகை திரும்பவில்லை. திருப்பிக் கேட்க நமக்கு நியாயமும் இல்லை. "போடுங்க" என்று சொன்னவர் நாமல்லவா!

எச்.டி. என்பது என்ன?

எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்வோம். நம் நாட்டின் சாதாரண ஒளிபரப்பில் ஒரு படம் கிடைமட்டத்தில் 720, செங்குத்தில் 576 புள்ளிகளால் ஆனது. முழுமையான எச்.டி. படம் 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் முன்னதில் 4,14,720 புள்ளிகள், பின்னதில் 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. இந்த ஐந்து மடங்கு தெளிவு கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால் டி.வி., செட்டாப் பாக்ஸ், இணைக்கும் கேபிள், சேனல் ஆகிய நான்கும் எச்.டி.யாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காசுதான் எச்.டி., படம் அல்ல.

சேனலைத் திறந்துவிடுதல் எப்படி நடக்கிறது என்பதும் அறியத்தக்கதே. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள், அந்த நிறுவனத்தின் எல்லாச் சேனல்களையும் எல்லா வீட்டு டிஷ்களின் மீதும் ஒரே மாதிரி பொழிந்துகொண்டிருக்கிறது. நாம் வாங்காத சேனலும் நம் மொட்டை மாடியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது பூட்டிய நிலையில் இருக்கிறது. நாம் கேட்டதும், நம் பெட்டியின் எண்ணுக்குரிய அனுமதியை அதே செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிறார்கள். அதனால்தான் திறந்துவிடும் நேரத்தில் பெட்டியை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். சுருங்கச் சொன்னால், நாம் விலைகொடுத்து வாங்குவது ஒரு சாவியை. எந்தக் கதவுக்கான சாவி என்று கேட்காமல் வாங்குவதுதான் நம் வழக்கமாகிவிட்டது.

கையில் இருக்கும் உரிமை

2011-இல் தமிழக அரசின் கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தபோது, தெருவுக்கே ஒரே கட்டணம், வீட்டுக்கு வீடு ஒரே சேனல்கள். தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே இல்லை. பின்னர் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017 மார்ச் மாதம் புதிய விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலையை அறிவிக்க வேண்டும், வேண்டிய சேனலை மட்டும் தனித்தனியே வாங்கும் வாய்ப்பு மக்களுக்கு இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இதை எதிர்த்து ஸ்டார் இந்தியா, விஜய் டெலிவிஷன் நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. 2018 மார்ச்சில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். மூன்றாவது நீதிபதி அதே ஆண்டு மே மாதம் விதிகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019-இன் தொடக்கத்தில் விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இந்த விதிகளில் நம் தலைப்புக்குத் தேவையானவை சிலவே. சேனல் விலை தனி, இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் தனி. அந்த அடிப்படைக் கட்டணம் தொடக்கத்தில் 100 சேனல்களுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய்க்கு மிகக் கூடாது என்றிருந்தது. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று மாற்றப்பட்டது. இந்த எண்ணிக்கையில் ஓர் எச்.டி. சேனல் இரண்டு சாதாரணச் சேனல்களுக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டது. 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பையே டிராய் நீக்கிவிட்டது. ஆகவே, உங்கள் நிறுவனம் எவ்வளவு வாங்குகிறது என்பதை இன்று நீங்களேதான் கேட்டு அறிய வேண்டும். இன்னொரு விதி: ஒரே சேனலின் சாதாரண வடிவத்தையும் எச்.டி. வடிவத்தையும் ஒரே பேக்குக்குள் சேர்க்கக் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் சாதாரண பேக்கை நீக்காமல் அதன் மேல் எச்.டி. பேக்கை நாமே ஏற்றிக்கொண்டால், எந்த விதியும் நம்மைக் காக்காது. நமக்கு நேர்ந்தது இதுவே.

உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைநாட்டப்பட்ட தேர்வுரிமையை, நம்மில் பலர் "பேக்கா போட்டுருங்க" என்ற ஒரு வார்த்தையில் கைவிட்டுவிடுகிறோம்.

நாம் நடத்தும் பாடமும் நம் நடைமுறையும்

மதரஸாவில் வணிகச் சட்டங்களின் பாடத்தில் 'கரர்' என்ற ஒரு தலைப்பு உண்டு. பொருள் இன்னதென்றும் அளவு இவ்வளவென்றும் தெளிவில்லாத வியாபாரம் தடுக்கப்பட்டது என்பது அதன் கருத்து. அதற்கு ஃபிக்ஹு நூல்கள் காட்டும் உதாரணங்கள் நீரில் நீந்தும் மீனும், வானில் பறக்கும் பறவையும். ஆண்டுதோறும் இந்த உதாரணங்களை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வானிலிருந்து வரும் சேனல்களை எண்ணிக்கையும் விலையும் கேளாமல் வாங்கியவர்கள் நாம்தான் என்று எண்ணும்போது வெட்கமாகவே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். நிறுவனங்கள் விலையை அறிவிக்கவே செய்கின்றன. சேனல் பட்டியலில் விலை திரையிலேயே தெரிகிறது. எனவே இந்த வியாபாரமே கூடாதென்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அறிந்துகொள்ள வழி இருந்தும் அறியாமலே வாங்குவது நம் பக்கத்துக் குறை. கேட்டும் தெளிவாகச் சொல்லாமல் விற்பது விற்பவர் பக்கத்துக் குறை. இரண்டும் சேரும்போதுதான் வீட்டுப் பணம் வீணாகிறது.

வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோன ஒரு தோழரைப் பற்றிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இப்னு உமர் (ரலி) வழியாக வந்துள்ளது. அவரை வியாபாரமே செய்யாதீர் என்று நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்பதை வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுமாறு வழிகாட்டினார்கள். எத்துணை அழகிய வழிகாட்டுதல்! ஏமாந்த பிறகு கோபிப்பதைவிட, வாங்கும்முன் தெளிவாகப் பேசுவதே சுன்னத்தான நடைமுறை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம்.

நமதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குக் கொப்பரையோ சூரியகாந்தி விதையோ கொண்டுவரும் விவசாயி, தராசில் தெரியும் எண்ணைத் தாமே பார்க்காமல் நகர மாட்டார். அரைக் கிலோ குறைந்தாலும் கேட்பார். அதே மனிதர் மாலையில் கடைக்குச் சென்று, "முந்நூறு ரூபாய்க்குப் போடப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறார். விற்கும்போது பார்க்கும் தராசை வாங்கும்போது ஏன் பார்ப்பதில்லை?

பக்கத்து வீட்டு மூதாட்டி

நம் கணக்கைச் சரிசெய்த பிறகு, அடுத்த வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் இணைப்பையும் பார்த்தோம். முதியோர் உதவித்தொகையாக அப்போது அரசு தந்த மாதம் 1,200 ரூபாயும், மகன் அவ்வப்போது அனுப்புவதும்தான் அவருடைய வருமானம். அவரிடம் இருப்பதோ பழைய குழாய் டி.வி. ரமளானில் ஸஹர் நேரச் சொற்பொழிவு, மற்ற நாட்களில் செய்தி, எப்போதாவது ஒரு சமையல் நிகழ்ச்சி, இவ்வளவே அவர் பார்ப்பது. அவருடைய கணக்கில் ஆங்கிலப் படச் சேனல்கள், விளையாட்டுச் சேனல்கள், இந்திச் சேனல்கள் அடங்கிய எச்.டி. பேக் ஒன்று இருந்தது. எப்போது யார் போட்டார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. "பெட்டி நின்னுபோகாம இருக்கணும்னா இவ்வளவு கட்டணுமாம் ஹஜ்ரத்" என்றார்.

பெட்டி நின்றுபோகக் கூடாது என்ற ஓர் அச்சத்தினாலேயே அவர் மாதாமாதம் கட்டி வந்திருக்கிறார். மருந்துக்குப் போக வேண்டிய பணம் அது. அவர் பார்க்கும் சேனல்களில் பெரும்பாலானவை கட்டணமில்லாத சேனல்கள். பேக்கை நீக்கிய பின் அவருடைய மாதச் செலவு பாதிக்கும் கீழே வந்தது. நம் 1,500 ரூபாய் போனது பெரிதல்ல. இந்த மூதாட்டி போன்றோர் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதத் துணிந்தோம்.

இரண்டு ஆட்சேபனைகள்

"மாதம் நூறு ரூபாய் விஷயத்திற்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282-ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்பு வேண்டாம் என்று அவ்வசனம் அறிவுறுத்துகிறது. செல்வத்தை எப்படி ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்ற கேள்விக்கு மறுமையில் பதில் சொல்லாமல் அடியான் நகர முடியாது என்று திர்மிதியில் வரும் நபிமொழி உணர்த்துகிறது. அங்கே நூறு ரூபாய்க்கு விலக்கு உண்டென்று நாம் எங்கும் படித்ததில்லை.

"ஆலிம்கள் டி.வி.யே வேண்டாமென்று சொல்ல வேண்டியவர்கள், எந்தச் சேனல் எடுப்பது என்று சொல்லித்தரலாமா?" என்பது இரண்டாவது ஆட்சேபனை. இதைச் சொல்பவர்களின் பேணுதலை மதிக்கிறோம். டி.வி. இல்லாத வீட்டை மாற்றுமாறு யாரையும் நாம் அழைக்கவில்லை. ஆனால் இருக்கும் வீடுகளில், எது உள்ளே வரலாம் என்ற முடிவைக் குடும்பத் தலைவரும் தலைவியும் எடுக்கிறார்களா, அல்லது பேக்கை அமைத்த யாரோ ஒருவர் எடுக்கிறாரா என்பதே கேள்வி. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரணை உண்டு என்று ஸூரத்துல் இஸ்ரா எச்சரிக்கிறது. பேக்குடன் சேர்ந்து வந்தது என்பது அங்கே பதிலாகாது. பிள்ளைகள் பார்க்கக் கூடாததை ஐந்து மடங்கு தெளிவாகக் காட்டக் காசு கொடுப்பதைவிட, பார்க்கத்தக்க நான்கைந்து சேனல்களைச் சாதாரணப் படத்தில் வைத்திருப்பது மேல். வசதி இருந்து, அந்த நான்கைந்தையே எச்.டி.யில் பார்க்க விரும்பினால் அதில் குற்றமும் இல்லை. வீண்விரயம் இல்லாதவரை அல்லாஹ்வின் அருட்கொடைகளை அனுபவிப்பது ஆகுமானதே.

செய்ய வேண்டியவை

முதலாவது, செட்டாப் பாக்ஸில் உங்கள் கணக்குப் பகுதியைத் திறந்து, எந்தெந்த பேக், எந்தெந்தச் சேனல் நடப்பில் உள்ளன என்று ஒரு தாளில் எழுதுங்கள். 999-ஆம் எண்ணில் வாடிக்கையாளருக்கான தகவல் சேனல் இருக்கும். சேவை எண்கள் அதில் கிடைக்கும்.

இரண்டாவது, வீட்டார் அனைவரும் அமர்ந்து, கடந்த ஒரு மாதத்தில் உண்மையிலேயே பார்த்த சேனல்களை மட்டும் குறியுங்கள். மீதியை நீக்கச் சொல்லுங்கள். எச்.டி. எடுத்தால், அதே சேனலின் சாதாரண வடிவம் இன்னொரு பேக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒரு போட்டிக்காகவோ ஒரு மாதத்திற்காகவோ எடுத்தால், நீக்க வேண்டிய தேதியை எடுக்கும்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

நான்காவது, கேட்காத பேக் ஏறியிருந்தால் சேவை மையத்தில் புகார் செய்து புகார் எண்ணைப் பெறுங்கள். தீராவிட்டால் அந்நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கின்றன. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

கடைத் தம்பிகளிடம் கடுமை காட்ட வேண்டாம். சொற்பக் கமிஷனுக்கு வேலை செய்பவர்கள் அவர்கள். பொறுமையாகக் கேட்டால் பொறுமையாகவே சொல்வார்கள். நமக்குப் பேக் போட்டுத்தந்த அதே தம்பிதான் பின்னர் எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பற்றியும் விளக்கினார். அதேபோல், நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். கட்டணம் கட்டாமல் எல்லாச் சேனலும் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் கள்ளப் பெட்டிகளை வாங்கிவிட்டு, நிறுவனத்தின் நேர்மையைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை. அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, அளந்து கொடுக்கும்போது குறைப்போரைப் பற்றிய ஸூரத்துல் முதஃப்பிஃபீனின் எச்சரிக்கை இரு தரப்புக்கும் பொதுவானது.

இறுதியாக, ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்கு, விவரம் அறிந்த இரண்டு இளைஞர்களை ஒரு நாள் அனுப்பி, அவர்களுடைய இணைப்புக் கணக்கைப் பார்த்துத் தரச் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. அதனால் ஒரு மூதாட்டிக்கு மாதம் நூறு ரூபாய் மிஞ்சினால், அது அவருக்கு ஒரு வார மருந்து. செய்தவருக்கு, இன்ஷா அல்லாஹ், ஸதகாவின் நன்மை.

நம் பொருளில் பரக்கத்தையும், நம் பார்வையில் பேணுதலையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.